மணல் மூடிய குழி

ஏரிக்கரை முகாம் திடலில் அடுப்புக் குழிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று அங்கே வருகிறவர்கள் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் வாளியக்கா. தண்ணீர் தளும்பும் தகர வாளி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. முகத்துக்கு நேரே அக்கா. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு. அவற்றை அச்சில் போட முடியாது. அவளுக்கும் அவை தெரியும். "சொல்லிட்டுப் போகட்டும். அவங்க வாய்தானே வலிக்கப் போகுது" என்பாள்.

நகராட்சிக்குச் சொந்தமான திடல் அது. விடுமுறை வந்தால் போதும், குடும்பம் குடும்பமாகக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். செங்கல் அடுக்கிய குழிகள் கரையோரம் வரிசையாக இருக்கும். பக்கத்துக் கொட்டகையில் இரும்புச் சாமான்கள்: சங்கிலி தொங்கும் முக்காலிகள், கம்பி வலைகள், நீளமான இடுக்கிகள், தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும்போல் கனக்கும் வார்ப்பிரும்புச் சட்டிகள். இவற்றை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும்தான் அவளுக்குச் சொல்லப்பட்ட வேலை. திட்டுவதை அவளாகச் சேர்த்துக்கொண்டாள்.

திட்டுவதற்கு விஷயமா இல்லை? சட்டியில் ஒட்டியதை ஊற வைக்கிறேன் என்று ஏரித் தண்ணீரில் அமுக்கி வைத்துவிட்டு ஒருவர் தூங்கப் போய்விடுவார். திரும்ப வரும்போது சட்டி செங்கல் நிறத்தில் துருப்பிடித்திருக்கும். இன்னொருவர் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பச்சைத் தண்ணீரை ஊற்றிச் சட்டியை இரண்டாகப் பிளந்து, "பழைய சட்டி போலருக்கு" என்று அவளிடமே சொல்வார். யாரோ வீட்டில் உடைத்துப் போட்ட ஜன்னல் சட்டங்களைக் கொண்டுவந்து எரிப்பார்கள். பச்சை பெயின்ட் கொப்பளித்துப் புகைய, அதற்கு மேல் மீனை வாட்டுவார்கள்.

"அந்த மீன இனிமே பூனைகூடத் தொடாது. பெயின்ட் டப்பாவ அப்படியே குடிச்சிருக்கலாமே, சட்டி கழுவுற வேலையாவது மிஞ்சியிருக்கும்!" என்று அவள் கத்தினால், நாலு குழிக்கு அப்பால் இருப்பவர்கள்கூடத் தங்கள் விறகை ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவசரக்காரர்களைக் கண்டால்தான் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறும். விறகு பற்றி மஞ்சளாக எரியும்போதே கறியைக் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள். மேலே கரி, உள்ளே ரத்தம். "எரியிறது வேடிக்கை பாக்கறதுக்கு. வேக வைக்கிறது கனல்தான். மேல சாம்பல் பூக்கட்டும், கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. உக்காரத்தானே வந்தீங்க?" என்பாள். ஒரு முறை கல்லூரிப் பையன்கள் ஈர விறகின் மேல் பெட்ரோல் ஊற்றப் போனார்கள். பாட்டிலைப் பிடுங்கி, ஊற்றப் போனவனின் புது டீ-சர்ட்டோடு சேர்த்து வாளித் தண்ணீரை விறகின் மேல் கொட்டினாள். அவன் நகராட்சிக்குப் புகார் எழுதினான். மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார். "புருவத்தோட புகார் எழுதறான்ல? அது போதும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முன்பு அவள் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பல வருஷம் சமைத்தவள். அங்கே கொதி எண்ணெய் தெறித்து ஒரு பெண்ணின் முகம் வெந்ததைக் கண்ணால் பார்த்தவள். அதற்குப் பிறகுதான் இந்தக் கோபம் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அவளுடைய கணவர் ஒத்துக்கொள்ள மாட்டார். லாரி ஓட்டுகிறவர் அவர், வாரத்தில் பாதி நாள் சாலையில்தான். "கல்யாணத்தன்னைக்கே என்னை முறைச்சா. என் பக்கத்துல இருந்த ஊதுவத்தி திரைச்சீலைகிட்ட இருந்துச்சாம்" என்பார்.

ஒரே ஒருவனிடம் மட்டும் அவள் குரல் இறங்கும். அவளுடைய தம்பி. அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். பள்ளிக்கூடம் விட்டதும் கேன்டீன் பின்கட்டுக்கு வந்து அவள் இடுப்பில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டு வளர்ந்தவன். இப்போது காப்பீட்டு நிறுவனத்தில் நல்ல வேலை. நெருப்பு விஷயத்தில் அவன் சோடையில்லை. கனலை ஒரு பக்கம் குவித்து இன்னொரு பக்கம் மெல்லிசாகப் பரப்புவான், வேகமாக வேக வேண்டியது இங்கே, ஆறப் போட வேண்டியது அங்கே என்று. வலைக்கு மேல் உள்ளங்கையை நீட்டியே சூட்டைச் சொல்லிவிடுவான். வார்ப்பிரும்புச் சட்டியின் மூடி மேலும் கனலை அள்ளிவைத்து, அதற்குள் ரொட்டி சுட்டெடுப்பான். அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர்களோடு வேனில் வந்திறங்கினான். மரநிழலில் இருந்த நல்ல குழியை அவனுக்கென்று பிடித்து வைத்திருந்தாள். காய்ந்த விறகாகப் பொறுக்கிப் போட்டிருந்தாள். முழுக்கோழியை முக்காலிச் சங்கிலியில் தொங்கவிட்டு, சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக ஏற்றி இறக்கி அவன் வாட்டியதை நண்பர்கள் போனில் படம் பிடித்தார்கள். அவள் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மதியம் அவர்கள் மூட்டை கட்டுகிற நேரத்தில் திடலின் மறுகோடியில் சண்டை. ஒரு கூட்டத்தார் காற்றடிக்கிற பக்கம் அடுப்பு மூட்டி, அடுத்த கூடாரத்துத் துணியில் பொறி விழுந்து ஓட்டை. வாளியோடு கிளம்பியவள் தம்பியின் குழியைப் பார்த்தாள். நிறையக் கனல் மிச்சமிருந்தது.

"டேய், தண்ணி ஊத்திக் கிளறு. மறுபடி ஊத்து. புறங்கைய வச்சுப் பாத்துட்டுத்தான் கிளம்பணும்."

"நீ போக்கா. எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சிரித்தான் தம்பி.

அவளும் சிரித்தாள். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவளே நின்று வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் நகர்ந்திருப்பாள். சொன்னது தம்பி. போய்விட்டாள்.

சண்டையைத் தீர்ப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டது. கூடாரத்துக்காரர் ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் விரலை வெளியே எடுக்கவும் அந்த அலறல் கேட்கவும் சரியாக இருந்தது.

குழந்தையின் அலறல். அதில் இருந்தது வலி என்று கேட்டவுடன் தெரிந்தது. வாளியக்கா ஓடினாள். மரநிழல் குழிக்கு நடுவே ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வெறுங்காலோடு நின்றிருந்தாள். குழி முழுக்க மணல். கரை மணலோடு மட்டமாகக் கிடந்த, வெள்ளை வெளேரென்ற ஏரி மணல். கீழே கனல் அப்படியே இருந்தது. ஓடிப் பிடித்து விளையாடிய குழந்தை அதை வெறும் மணல் என்று நினைத்து ஏறியிருக்கிறாள். ஏறியவள் எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் அங்கேயே துடித்துக்கொண்டிருந்தாள்.

வாளியக்கா அவளை அள்ளித் தூக்கி இரண்டு பாதங்களையும் வாளிக்குள் இறக்கினாள். வாளி நீர் வெதுவெதுப்பானதும் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, திறந்துவிட்ட குழாய்க்குக் கீழே கால்களைப் பிடித்தாள். குழந்தையின் அம்மா பதறிக்கொண்டு பையிலிருந்து பற்பசையை எடுத்துப் பிதுக்கினார். வாளியக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒண்ணும் தடவாதீங்க! தண்ணி மட்டும். யாராவது ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க. அழுடா கண்ணு, நல்லா அழு. காலை மட்டும் எடுக்காத."

குழந்தையின் அப்பா வெடித்தார். "எந்த மிருகம் இங்க அடுப்பு மூட்டுச்சு? யாரு இதுக்கெல்லாம் பொறுப்பு?"

சுற்றிலும் கூட்டம். மேற்பார்வையாளரும் வந்துவிட்டார். வாளியக்கா குழாயிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்:

"பொறுப்பு நான்தான். அடுப்பு என் தம்பியோடது."

ஆம்புலன்ஸ் போன பிறகு மேற்பார்வையாளர் அவளைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். கெட்ட மனிதரல்ல; தலைவலி வேண்டாம் என்று நினைக்கிற மனிதர்.

"எதுக்கும்மா தம்பி பேரெல்லாம் இழுக்கறீங்க? நூறு பேர் வந்து போற எடம். யார் மூட்டுனாங்கன்னு தெரியலன்னு எழுதிடலாம். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அந்தப் புள்ளைக்கு?"

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழியைத் தோண்டினாள். மணலுக்கு அடியிலிருந்து கனல் சிவப்பாகக் கண் விழித்தது. தண்ணீர் ஊற்றினாள். கிளறினாள். மறுபடி ஊற்றினாள். பிறகு மண்டியிட்டு, ஈரச் சாம்பலுக்குள் கையைவிட்டுத் துழாவிக்கொண்டே வாய்விட்டுத் திட்டினாள். முதலில் தம்பியை. அப்புறம் தன்னை. அன்று தன்னைத் திட்டியதுபோல் அவள் வேறு எவரையும் திட்டியதில்லை என்று மேற்பார்வையாளரே பின்னால் சொன்னார்.

தம்பி போனில் பேசினான். விஷயம் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"என் பேரை எதுக்குக்கா சொன்ன? ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. வேன்ல வந்தவங்க என்னைப் பாத்து முகத்தத் திருப்பிக்கறாங்க."

"மணலைப் போட்டு மூடுனியா இல்லையா?"

"மூடுனா அணைஞ்சிடும்னு நினைச்சேன்."

"பொய் சொல்லாத. ரொட்டி சுடறப்ப சூடு போகக்கூடாதுன்னு கனலை மண்ணுக்குள்ள புதைச்சு வைக்கிறவன் நீ. மணல் மூடினா அணையாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"கூடப் பொறந்தவனைக் காட்டிக் கொடுத்துட்டல்ல, சந்தோஷமா இரு" என்று வைத்துவிட்டான்.

அடுத்து அம்மா. அம்மா தம்பியோடு இருப்பவர். "அவன் சாப்பிடவே மாட்டேங்கறான்டி. ஏதோ கைதவறி நடந்துபோச்சு. நீ நகராட்சி ஆபீஸ்ல போய், சரியாத் தெரியல, வேற யாராவது இருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். உன் வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"அந்தப் பொண்ணு உள்ளங்கால்ல தோலே இல்லம்மா. அதப் போய்ப் பாத்துட்டு வந்து எங்கிட்ட பேசு."

அம்மா போய்ப் பார்க்கவில்லை. மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

விசாரணை நடந்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடந்ததை நடந்தபடி சொன்னாள். நீங்கள் ஏன் சரிபார்க்கவில்லை என்று கேட்டபோது, "தம்பிங்கறதால விட்டுட்டேன். வேற ஆளா இருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்றாள். கவனக்குறைவு என்று முடிவெழுதி அவளை நுழைவாசல் சீட்டுக் கிழிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். தம்பிக்கு அபராதம் விதித்தார்கள். அவன் அதை ஆள் மூலம் கட்டிவிட்டு அத்தோடு கைகழுவிக்கொண்டான்.

வாசலில் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. குழிகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்தவர் மென்மையானவர், எல்லோரிடமும் புன்னகைக்கிறவர். வேலைக்கு வந்த முதல் வாரமே கரையோரக் கூழாங்கற்களை அள்ளிவந்து குழிகளைச் சுற்றி அழகாக அடுக்கினார். படம் எடுப்பவர்களுக்குப் பிடித்திருந்ததாம். தண்ணீரிலேயே கிடந்த கல் சூட்டில் வெடிக்கும். சீட்டுப் புத்தகத்தை மேஜையிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடி, ஒவ்வொரு கல்லாக எடுத்து ஏரிக்குள் வீசினாள் வாளியக்கா. "உங்க வேலை வாசல்லதான்மா" என்றார் புதியவர், புன்னகையோடு. "இது வெடிச்சு உன் கண்ணு போனப்புறமும் இப்படியே சிரிப்பியா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு அந்தப் புன்னகை முதல் தடவையாகச் சுருங்கியது.

வாசலில் இருந்தாலும் சும்மா இருக்கவில்லை. உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் சீட்டைக் கொடுக்கும்போதே, "மணல் போட்டு மூடாதீங்க, தண்ணி ஊத்துங்க" என்றாள். வெளியே வருகிறவர்களை நிறுத்தி, "கைய வச்சுப் பாத்தீங்களா?" என்றாள். பதில் இழுத்தால் அவர்களுடைய கார் நகர முடியாது. குறுக்கே நிற்பாள்.

வேலை முடிந்ததும் வாரத்துக்கு இரண்டு தடவை மருத்துவமனைக்குப் போவாள். முதல் தடவை குழந்தையின் அப்பா அறைக் கதவிலேயே மறித்தார். "எதுக்கு வந்தீங்க?"

"பாக்க வந்தேன். திட்டணும்னா திட்டுங்க. கேட்டுட்டுப் போறேன்."

அவர் திட்டினார். தாழ்வாரத்தில் போகிற நர்ஸ்கள் நின்று பார்க்கிற அளவுக்குத் திட்டினார். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாழ்நாளில் அவள் வாயை மூடிக்கொண்டு வசவு வாங்கியது அப்போதுதான். கடைசியில் அவர் களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தையின் அம்மா உள்ளே வரச் சொன்னார்.

மூன்றாம் முறையோ நாலாம் முறையோ அவள் போனபோது, மருத்துவமனை வாசலில் தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பொம்மைப் பொட்டலம். கண் வீங்கியிருந்தது.

"உள்ள போக பயமா இருக்கு அண்ணி. நான் யாருன்னு கேட்டா என்ன சொல்ல?"

"உண்மையச் சொல்லு. வா."

இருவரும் சேர்ந்தே போனார்கள். கட்டு மாற்றும்போது குழந்தை யாருடைய விரலையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குத் தம்பி மனைவியின் விரல். அதன் பிறகு அவளும் தவறாமல் வந்தாள். தோல் எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறியது. ஆனால் தழும்பு இழுத்துப் பிடித்ததால் குழந்தை நெடுநாள் பாதத்தின் ஓரத்தை ஊன்றியே நடந்தாள். ஒவ்வொரு முறை அந்த நடையைப் பார்க்கும்போதும் வாளியக்கா தம்பி மனைவியிடம் திரும்பி, "உன் புருஷன் வந்து இதப் பாக்கணும்" என்பாள். "கேட்டாலே கத்தறார் அண்ணி. அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடறார்" என்பாள் தம்பி மனைவி.

அம்மாவால் எத்தனை மாதம்தான் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கம் வைத்துக்கொண்டு இருக்க முடியும்? ஒரு மதியம் சாப்பிட வரச் சொல்லி ஆள் விட்டார். வாளியக்கா கணவரோடு போனாள். மேஜையில் தம்பி எதிரே உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். கரண்டிச் சத்தம் மட்டும். லாரிக்காரர் சாலையில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை.

அம்மாதான் ஆரம்பித்தார். "பெரியவ நீதான். ஒரு வார்த்தை, மன்னிச்சிடுடான்னு சொல்லிடு. ஆம்பளைப் பிள்ளை, அவன் எறங்கி வர மாட்டான்."

வாளியக்கா தட்டை நகர்த்தினாள். "நான் மன்னிப்புக் கேக்கணுமா? எதுக்கு? பேரைச் சொன்னதுக்கா? அவன் யார் கால்லயும் விழ வேண்டாம்மா. அந்தப் பொண்ணு காலைப் பாத்தா போதும். ஒரே ஒரு தடவை. பாத்துட்டு வந்து இதே நாற்காலில உக்காந்து, அக்கா நீ பண்ணது தப்புன்னு சொல்லட்டும். நான் கையெடுத்துக் கும்பிடறேன்."

"அது ஆக்சிடென்ட்க்கா!" என்று தம்பி மேஜையில் அடித்தான்.

"பூமி அதிர்ந்தா ஆக்சிடென்ட். தெரிஞ்சே மூடுனதுக்குப் பேர் வேற. ஏன்டா மூடுன? அத மட்டும் சொல்லு. இத்தனை மாசமா அது ஒண்ணுதான் எனக்குப் புரியல. குழாய் பக்கத்துலதானே இருந்துச்சு?"

அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"வேன்ல எல்லாரும் ஏறிட்டாங்க. ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்க்கா. ஹார்ன் அடிச்சாங்க. காலால மணலைத் தள்ளிட்டு ஓடிட்டேன்."

பெரிதாக ஏதோ காரணம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாளோ என்னவோ. குடித்திருந்தான், மயக்கம் வந்தது, யாரோ தடுத்தார்கள், ஏதாவது. ஒரு ஹார்ன் சத்தம். ஒரு வாளி தண்ணீர் பிடிக்கிற நேரம். அவள் எழுந்தாள். அவன் கன்னத்தில் அறையப் போகிறாள் என்று அம்மா குறுக்கே கையை நீட்டினார். அவள் அறையவில்லை. "ஹார்ன்" என்று மட்டும் சொன்னாள். இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, "ஹார்ன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். லாரிக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பின்னால் ஓடினார்.

அந்த வாரமே தம்பி அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனான். இதை வாளியக்காவுக்குச் சொன்னவள் தம்பி மனைவி. அவனைக் கண்டதும் குழந்தையின் அப்பா சட்டையைப் பிடித்தாராம். இவன் கையை எடுக்கச் சொல்லவில்லையாம். குழந்தை உள்ளேயிருந்து சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, யாரும் கேட்காமலே தரையில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தூக்கிக் காட்டினாளாம், புதுச் செருப்பைக் காட்டுவதுபோல. "இந்தப் பக்கம் சூடு தெரியும். இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியாது" என்றாளாம். இவனால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதானாம்.

"இப்ப மாசாமாசம் போறேங்கறார் அண்ணி. நடைப் பயிற்சிக்கு அவர்தான் கூட்டிட்டுப் போறார். உங்ககிட்ட பேச வெக்கமா இருக்காம். நீங்களே ஒரு போன் பண்ணுங்களேன்."

"போனானா? நல்லது. போகட்டும். போன் நான் பண்ண மாட்டேன். அவன் விரல் ஒண்ணும் வெந்துபோகலையே" என்றாள் வாளியக்கா.

அவன் கடைசியில் பண்ணினான். பேசினார்கள். இப்போதும் பேசுகிறார்கள், அம்மாவின் மருந்து, வீட்டு வரி, யாருக்குக் காய்ச்சல் என்று. முன்புபோல் அவனிடம் அவள் குரல் இறங்குவதில்லை. அவனுக்கும் அது தெரியும். இறங்க வேண்டும் என்று அவன் கேட்டதுமில்லை.

ஒரு வருஷம் கழித்து, புன்னகைக்காரர் வேறு வேலை கிடைத்துப் போனதும் அவளையே மறுபடி குழிகளுக்கு அனுப்பினார்கள். வேறு யாரும் அந்த வேலைக்குக் கையைத் தூக்கவில்லை என்பதுதான் காரணம். திரும்பி வந்தவள் புதிதாக ஒரு சட்டம் போட்டாள். கிளம்புகிற ஒவ்வொரு குடும்பத்திலும் மூத்தவர் யாரோ அவர், அவளுக்கு முன்னால் மண்டியிட்டுத் தன் வெறும் புறங்கையைச் சாம்பலில் வைக்க வேண்டும். வைக்காதவர் கொண்டுவந்து நீட்டும் இரும்புச் சாமானை அவள் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டாள். சாமானைத் திருப்பித் தராமல் வாசலைத் தாண்ட முடியாது. நகராட்சி அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

போன விடுமுறையில் கோட்டு போட்ட ஒருவர், சமைத்து முடித்துக் காரில் சாமான் ஏற்றிவிட்டு, "எனக்கு மீட்டிங் இருக்கும்மா, நேரமாச்சு" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவருடைய டிரைவர் ஹார்ன் அடித்தார். திடலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வாளியக்கா கேட்டாள்: "அடிக்கிறது யாரு? இறங்கி வரச் சொல்லு அவனையும்!"

இருவருமே மண்டியிட்டார்கள்.